சங்கு ஊதிய பேட்டை

1918இல் சென்னைப் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று பத்து நிமிடம் பற்றியது. பகல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுகிறார்கள், அது போதவில்லை, நாற்பது நிமிடம் வேண்டும் என்றார்கள். பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் அந்தக் குறையை ‘நியூ இந்தியா’ பத்திரிகையைச் சேர்ந்த பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். வாடியா சாப்பாட்டு நேரத்தில் மில் பக்கம் நேரில் வந்து பார்த்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது அதைத்தான். கேட்ட பத்து நிமிடமும் கிடைத்தது.

அரை மணி நேரத்தில் ஒரு மனிதர் சோறு சாப்பிட முடியாதா என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கூட்ட நெரிசலை ஆராய்கிறவர்களின் கணக்கைக் கொண்டு பார்த்தால் அந்தக் கோரிக்கையின் நியாயம் புரியும். ஒரு மீட்டர் அகல வாசலில், முட்டி மோதாமல், நொடிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் பேர்தான் போக முடியும். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இரண்டிலும் சேர்த்து அப்போது சுமார் 10,000 பேர் வேலை செய்தார்கள். கணக்குக்காக ஒரு வாசலுக்கு 1,800 பேர் என்றும், வாசல் மூன்று மீட்டர் அகலம் என்றும் வைத்துக்கொள்வோம். எல்லோரும் வெளியே வர எட்டு நிமிடம், எல்லோரும் உள்ளே போக இன்னொரு எட்டு நிமிடம். பஞ்சும் எண்ணெயும் படிந்த கையைக் கழுவி, தூக்குவாளி வைத்த இடத்துக்குப் போய் உட்கார நான்கு நிமிடம். கடைசியில் வருகிறவருக்கு உண்ண மிஞ்சுவது பத்து நிமிடம். அரை மணி நாற்பதானால் அந்தப் பத்து இருபதாகிறது. தாளில் மூன்றில் ஒரு பங்கு கூடியது, தட்டின் முன் உட்கார்ந்தவருக்கு இரண்டு மடங்கு.

தொழிலாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டவர்களில்லை. நாள்தோறும் ஓடியவர்கள். ஆனாலும் அவர்கள் சொன்னது ஓர் அளவீடு. பின்னி மில் என்று ஊர் அழைத்த அந்த ஆலைகள் மூடி ஒரு தலைமுறை கடந்த பிறகு, அங்கே வேலை பார்த்தவர்களும் சுற்றி வாழ்ந்தவர்களும் சொல்லும் நினைவுகளைக் கேட்கும்போது எனக்கு மறுபடி மறுபடி தோன்றுவது இதுதான். ஏக்கம், கதை என்று நாம் ஒதுக்கிவிடுகிற பேச்சில் இயற்பியலும் உடலியலும் கலந்து கிடக்கின்றன.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பெரம்பூருக்கு முதலில் வந்தது ரயில். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து 1856 ஜூலை 1 அன்று புறப்பட்டது. அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில் பட்டறை அமைந்தது. இருபது ஆண்டு கழித்து, தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பொசுக்கிய நாட்களில், பஞ்ச நிவாரண வேலையாகக் கால்வாய் வெட்டி நீட்டினார்கள். அதற்கு அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர். அந்த 1870களிலேயே பின்னி நிறுவனம் தொடங்கிய பஞ்சாலைக்கும் பக்கிங்ஹாம் என்றே பெயர் வந்தது. அடுத்துக் கர்நாடிக் ஆலை. 1920இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. ஊரார் வாயில் அது எப்போதும் பின்னி மில், அல்லது பி அண்ட் சி மில். பக்கத்தில் ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் ஓடியது. ரயிலும் தண்ணீரும் ஆளும் ஒரே இடத்தில் கிடைத்ததால் அங்கே ஒரு தொழில் பேட்டை எழுந்தது. 1955இல் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்தபோது இரும்பும் பஞ்சும் தெரிந்த கைகள் அந்தப் பகுதியில் நூறு ஆண்டாகப் பழகியிருந்தன.

பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு, வியாசர்பாடி என எந்தப் பக்கத்து மூத்தவரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பேச்சு சங்கில் தொடங்கும். மில் சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், சங்கு ஊதினால் பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டுவார்கள். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கும் நேரம் காட்டியது அதுதான். விடியற்காலச் சங்கு தூரத்துத் தெருக்களிலும் துல்லியமாகக் கேட்கும், பகல் சங்கு அவ்வளவு தூரம் வராது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்வார்கள். பகலில் தெரு இரைச்சல் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். அது பாதிக் காரணம். மீதிப் பாதி காற்றில் இருக்கிறது.

ஒலி வெப்பக் காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகும். ஒரு டிகிரி கூடினால் நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். பகலில் வெயில் பட்டுத் தரை சுடுகிறது, தரையை ஒட்டிய காற்றும் சுடுகிறது, மேலே போகப் போகக் குளிர்கிறது. அப்போது ஒலி அலையின் கீழ்ப்பகுதி முந்துகிறது, மேல்பகுதி பிந்துகிறது, அலை முழுவதும் மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. இரவு முழுக்க வெப்பத்தை இழந்த தரை விடியலில் தன் மேலுள்ள காற்றையும் குளிரவைத்திருக்கும். சற்று உயரத்தில் இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். இப்போது அலை கீழ்நோக்கி வளைகிறது. வானத்துக்குப் போயிருக்க வேண்டிய ஒலி கூரைகளின் மேல் வந்து இறங்குகிறது. மார்கழி விடியலில் எங்கோ இருக்கும் கோயிலின் பாட்டு படுக்கைவரை வருவதும் இதனால்தான். தொலைவில் உள்ள வீட்டுக்குச் சங்கு வந்து சேர அதிகம் பிடிக்காது, ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நொடி. வளிமண்டலத்தின் அடுக்குகளை ஆராயக் கருவி அனுப்புவார்கள். பெரம்பூர்ப் பெண்கள் உலை வைக்கும் நேரத்திலேயே அந்த அடுக்குகளைக் காதால் அறிந்திருந்தார்கள்.

சங்கு ஊதியதும் உள்ளே போனவர்களின் கதை வேறு.

பருத்தி நார் வினோதமான பொருள். கம்பளியும் ரேயானும் நனைந்தால் வலுவிழக்கும், பருத்தி நனைந்தால் வலுக்கூடும். சாதாரணக் காற்றிலேயே 100 கிராம் உலர் பருத்தி ஏழெட்டு கிராம் நீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. காற்று வறண்டால் அந்த நீர் போய்விடும். நார் விறைக்கும், உராய்வில் மின்னேற்றம் ஏறிப் பறக்கும், பாவு நூல் பட்பட்டென்று அறும். அதனால் நெசவுக் கூடத்தில் ஈரப்பதத்தை 75 முதல் 85 சதவீதம் வரை வைத்திருப்பார்கள். சென்னையில் கடற்காற்றே ஈரமாயிற்றே என்று கேட்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான தறிகள் ஓடும்போது கூடம் சூடாகும். காற்று சூடாகும்போது அதிலுள்ள நீர் அதேயளவு இருந்தாலும் ஒப்பு ஈரப்பதம் இறங்கிவிடும். ஆகவே தண்ணீரை மேலும் தெளிக்க வேண்டும்.

நூலுக்கு நல்லதாக இருந்த அந்த ஈரம் ஆளுக்குக் கேடாக இருந்தது. நம் உடம்பு தன்னைக் குளிர்விக்க வைத்திருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் உடம்பைவிட்டுப் போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. காற்று ஏற்கெனவே நீரால் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே ஒழிய ஆவியாகாது. வழிந்து சொட்டும் வியர்வையால் உடம்புக்குப் பயனில்லை. உப்பும் தண்ணீரும் போனதுதான் மிச்சம். வெளியே சித்திரை வெயிலில் நின்றால்கூடத் தேவலை என்று தறிக்காரர்கள் சொன்னால் அது மிகைப்படுத்தல் ஆகாது. வெளியே காற்று கூடத்தில் இருந்ததைவிட வறண்டிருந்தது, வீசியது. இங்கிலாந்தின் லங்காஷயரில் இதே சிக்கலுக்காக 1889இலேயே நெசவுக் கூடங்களின் ஈரத்துக்கு வரம்பு கட்டிச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்ததும் உள்ளே நின்றவர்களின் புகார்தான்.

அடுத்தது இரைச்சல். விசைத்தறியில் நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடித்து எறியப்படுகிறது. ஒவ்வொரு அடியிலும் மரமும் இரும்பும் மோதுகின்றன. கூடத்தில் ஒலியளவு 100 டெசிபெல்லைத் தொடும். அங்கே பேசுவதென்றால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் கைச்சாடையும்தான். வேறு ஊர்களின் நெசவாலைகளிலும் தொழிலாளர்கள் இப்படிப் பேசியிருக்கிறார்கள்.

நம் உட்செவியில் நத்தை ஓடு வடிவத்தில் ஒரு குழல் உண்டு. அதற்குள் ஒரு காதுக்கு 15,000 அளவில் மயிர்ச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பெரும் ஒலி வந்தால் அவை, மேலே ஆள் நடந்த நாற்றைப் போலச் சாய்கின்றன. ஓர் இரவு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர் மாலையில் காது இரைகிறது என்று சொல்வதும், மறுநாள் காலையில் சரியாகிவிட்டது என்று சொல்வதும் அந்த நிலை. நாள்தோறும் மிதிபட்டால் செல் சாகிறது. பறவைகளுக்கு அது திரும்ப முளைக்கும், மனிதர்களுக்கு முளைக்காது.

சாவு எல்லா இடத்திலும் ஒரே சீராக நடப்பதில்லை. தறியின் இரைச்சலைப் போலப் பல சுருதிகள் கலந்த இரைச்சலில் பெரும்பாலும் முதலில் பழுதாவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை உணரும் செல்கள்தான். செவிக் குழாயின் நீளம் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது, அதற்குச் சற்று மேலே சேதம் விழுகிறது. ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்துச் சணல் நெசவாளர்களின் காதுகளை அளந்து 1965இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐம்பது ஆண்டு தறியில் நின்றவர்களும் அதில் இருந்தார்கள். முதல் 10, 15 ஆண்டுகளில் 4,000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுகிறது, பிறகு கொஞ்ச காலம் அது நிற்கிறது, இருபது ஆண்டுகளுக்கு மேல் போனால் பேச்சுக்கு முக்கியமான தாழ்ந்த சுருதிகளுக்கும் சேதம் பரவுகிறது என்று அது காட்டியது.

இதைத் தமிழில் நினைத்துப் பார்க்க வேண்டும். உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பவை, வலுவானவை. சகரமும் தகரமும் ககரமும் தங்களைக் காட்டிக்கொள்ளும் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் இருக்கிறது, மெலிதாக. உயர்சுருதி போன காதுக்குச் சட்டை, தட்டை, கட்டை மூன்றும் ஒன்றுபோலவே விழும். ஓய்வுபெற்ற தறிக்காரர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறாய் என்றுதான் தெரியவில்லை என்பார். வீட்டில் அதைக் கவனக்குறைவு என்று நினைத்து எரிந்துவிழுவார்கள். பேத்தியின் மெல்லிய குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் கைநழுவிப் போகிறது. அவர் சொல்வது ஒரு செவித்திறன் அறிக்கை. அதற்கு மேல் துல்லியமாக அதைச் சொல்ல முடியாது.

பஞ்சு உடைக்கும் ப்ளோ ரூமிலும் அதைச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் இருந்தவர்களுக்குக் காதைவிட மார்பில்தான் சேதி. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மதியத்துக்கு மேல் நெஞ்சு இறுகும், மூச்சு அடைக்கும். மறுநாள் தேவலை. வாரக் கடைசிக்குள் சரியாகிவிடும். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும். ஓய்வெடுத்த உடம்பு ஓய்வுக்குப் பிறகு மோசமாவதா? சோம்பேறித்தனத்துக்கு நொண்டிச் சாக்கு என்று மேஸ்திரிகள் எண்ண இதைவிட வசதியான அறிகுறி கிடையாது.

நோய் உண்மையானது. பஞ்சோடு வரும் இலைத் துணுக்குகளில் பாக்டீரியாக்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் உறையிலுள்ள எண்டோடாக்ஸின் என்ற நச்சு தூசியோடு நுரையீரலுக்குள் போகிறது. அங்குள்ள பாதுகாப்புச் செல்கள் கொதித்தெழுந்து மூச்சுக் குழலைச் சுருக்குகின்றன. அதே நச்சு அடுத்தடுத்த நாள் வந்துகொண்டே இருந்தால் அந்தச் செல்கள் மரத்துப்போய் எதிர்வினையைக் குறைத்துக்கொள்கின்றன. விடுமுறையில் அவை தங்கள் கூர்மையைத் திரும்பப் பெறுகின்றன, முதல் நாள் மறுபடி முழு வேகத்தில் பாய்கின்றன. முழு விளக்கம் இன்னும் சிக்கலானது என்றாலும் இது அதன் முதன்மையான இழை. பல ஆண்டு இப்படிப் போனால் எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும். அதன் பிறகு நுரையீரல் மீள்வதில்லை.

1950களில் இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங் இந்த நோயைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். அவருடைய அளவுகோல் கேள்விகளால் ஆனது. வாரத்தின் முதல் நாள் நெஞ்சு இறுகுகிறதா? எப்போதாவதா, ஒவ்வொரு வாரமுமா? மற்ற நாட்களிலுமா? மேஸ்திரிகள் சாக்கு என்று தள்ளியிருக்கக்கூடிய அந்த நினைவின் மேல்தான் ஒரு மருத்துவ அளவுகோலே எழுந்தது.

இந்த நோய்க்கு மருத்துவ உலகில் பிஸினோஸிஸ் என்று பெயர். 1877இல், ஏறக்குறையப் பக்கிங்ஹாம் ஆலை எழுந்துகொண்டிருந்த காலத்தில், அந்தப் பெயரைத் தம் சுகாதார நூலில் எழுதியவர் பாரிஸ் மருத்துவர் ஆத்ரியான் புரூஸ்த். தேநீரில் நனைத்த கேக்கின் சுவையிலிருந்து ஒரு முழு ஊரையே எழுப்பிக் காட்டிய பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் அவருடைய மகன். தந்தை பஞ்சுத் தூசி உடம்பில் விட்டுச் செல்வதற்குப் பெயர் சூட்டினார், மகன் வாசனையும் சுவையும் உடம்பில் விட்டுச் செல்வதை எழுதினார். இதை அறிந்த நாளிலிருந்து கார்டிங் வேலை பார்த்தவர்களின் நினைவை வேறொரு மரியாதையோடு கேட்கத் தொடங்கினேன். மற்ற புலன்களின் சேதி மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாகப் புறணிக்குப் போகிறது. வாசனை மட்டும் அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு, உணர்ச்சியும் நினைவும் உருவாகும் பகுதிகளுக்கு நேராகவே போய்ச் சேர்கிறது. அதனால்தான் எண்ணெய் ஊறிய பஞ்சு வாசனை ஒன்று எங்கோ எழுந்தால், நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஷிப்டு அப்படியே திரும்பி வருகிறது.

நினைவு எல்லாவற்றையும் சரியாக வைத்துக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. தேதியில் அது தடுமாறும். இத்தாலியில் டெர்னி என்ற எஃகு ஊரில், 1949 மார்ச் 17 அன்று நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். பிற்காலத்தில் அலெஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் ஊராரிடம் கேட்டபோது, பலர் அந்தச் சாவை 1953இல் ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்த போராட்டத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். ஒருவர் தப்பாகச் சொல்லலாம், ஊரே ஒரே மாதிரி தப்பாகச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். வேலை பறிபோனதுதான் அவர்களுக்குப் பெரிய காயம். இளைஞனின் சாவு அந்தக் காயத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. போர்த்தெல்லி அந்தத் தவற்றையே சான்றாக எடுத்துக்கொண்டார். வாய்மொழி வரலாறு என்ற துறை வளர்ந்ததில் அதற்கும் பங்குண்டு.

பெரம்பூருக்கும் புளியந்தோப்புக்கும் அப்படியொரு காயம் உண்டு. 1921 ஜூனிலிருந்து அக்டோபர்வரை மில்லில் நீண்ட வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குப் போனார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். வறுமையில் அடுத்த வேளைக்கு வழியில்லாதவர்களால் மாதக்கணக்கில் வெளியே நிற்க முடியாது. அதைப் புரிந்துகொள்ளச் சங்கம் தவறியது என்றே நான் நினைக்கிறேன். மோதல் மூண்டது, குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. சங்கத்தின் பக்கம் நின்ற திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் அந்த நாட்களை எழுதியிருக்கிறார். ஆதிதிராவிடர்களின் தரப்பை எம்.சி. ராஜா பேசினார். அச்சில் உள்ள இரண்டு தரப்பும் தலைவர்களுடையவை. எரிந்த குடிசையிலிருந்து ஓடியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் குடும்பக் கதையாக எது இறங்கி வந்திருக்கிறது, ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் அது எப்படி மாறுகிறது என்பதைத் தெருவாரியாகப் பதிவு செய்ய இன்னும் வழியுண்டு. தேதி பிசகியிருந்தால் எந்தத் தேதிக்கு நகர்ந்திருக்கிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மில் 1996இல் மூடியது. வெற்றுக் கூடங்களில் பல ஆண்டு சினிமாச் சண்டைகள் எடுத்தார்கள். தமிழ்ப்படம் பார்க்கிற எல்லோரும் பின்னி மில்லின் சுவரைப் பார்த்திருக்கிறார்கள், பெயர் தெரியாமல். இப்போது அங்கே அடுக்குமாடிகள். 1975இல் இருபது வயதில் தறிக்கு வந்த ஒருவர் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்.

இதில் அவசரமும் இருக்கிறது. முதுமை காதின் மிக உயர்ந்த சுருதிகளை முதலில் எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. 4,000 ஹெர்ட்ஸில் தறி தோண்டிய பள்ளத்துக்கு அப்பால் 8,000 ஹெர்ட்ஸில் எஞ்சியிருக்கும் மேடு ஆண்டுக்கு ஆண்டு சரிகிறது. பள்ளம் தனியாகத் தெரிவது குறைந்து வெறும் சரிவாகிவிடுகிறது. அதன் பிறகு இது தறியால் வந்ததா வயதால் வந்ததா என்று எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்வது கடினம். அப்போது மிஞ்சும் ஒரே சான்று அவரே சொல்வதுதான். ஆகவே பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் செவி முகாம் நடத்துகிற மருத்துவர்கள், எழுபது தாண்டிய ஒருவர் வந்து உட்கார்ந்ததும் காதில் கருவியை மாட்டுவதற்கு முன்பே சிலவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: பின்னியில் இருந்தீர்களா, தறியா, கார்டிங்கா, ப்ளோ ரூமா, எத்தனை வருஷம், வாரத்தின் முதல் நாள் மூச்சு எப்படி இருந்தது.